மின்மோட்டார்ச் சைக்கிளும் முன் போர்க்கின் பலமும்

காஞ்சி மாநகரைச் சூழ்ந்துள்ள முசரவாக்கம் முதலிய ஊர்களில் மோட்டார் சைக்கிள் பெருகிவிட்ட இந்நாளிலும், சைக்கிளைக் கைவிடாத குடும்பங்கள் உண்டு. விடியற்காலையில் பாலைக் கூட்டுறவுச் சங்கத்திற்குக் கொண்டுபோய் ஊற்றி வருவதற்கும், கீரைக்கட்டையும் கத்தரிக்காயையும் நகரத்துச் சந்தையில் சேர்ப்பதற்கும், வயலுக்குச் சென்று மடை பார்த்து வருவதற்கும் சைக்கிளே போதுமானதாக இருக்கிறது. பட்டுத் தறி வைத்திருப்போர் பாவையும் ஊடையையும் ஜரிகையையும் நகரத்திலிருந்து வாங்கி வரவும், நெய்து முடித்த சேலையை ஒப்படைத்துக் கூலி பெற்று வரவும் அதே சைக்கிள் உதவுகிறது. ஆயினும் தறிக் குழியில் பல ஆண்டுகள் கால் மிதித்துத் தேய்ந்த முழங்கால்கள், சைக்கிளின் மிதியையும் தாங்க மறுக்கும் வயது ஒன்று வருகிறது. அவ்வேளையில் புதிய வண்டி வாங்க வசதியற்றவர்கள், உள்ள சைக்கிளுக்கே ஒரு மின்மோட்டாரைப் பூட்டிக்கொள்ளலாமா என்று விசாரிக்கிறார்கள். அவ்வாறு பூட்டிக்கொள்வதில் பெரிதும் கவனிக்க வேண்டிய ஒரு பகுதியைப் பற்றியே நாம் இங்கே எழுத முற்படுகிறோம். அதுதான் முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் போர்க்கு.

விற்பனைக்காரர்களின் விளம்பரங்களில் முன்சக்கர மோட்டாரை அரை மணி நேரத்தில் பூட்டிவிடலாம் என்று கண்டிருக்கும். பூட்டிவிடலாம் என்பது உண்மையே. பூட்டியது நிற்குமா என்பதே கேள்வி. பின் சக்கரம் கழன்றால் வண்டி நின்றுபோகும். முன் சக்கரம் ஓட்டத்தில் கழன்றால், ஓட்டுபவர் ஹேண்டில் பாரின் மேலாகத் தலைகுப்புற விழுவார். ஆகையால் இதில் சிக்கனத்திற்கும் அவசரத்திற்கும் இடங்கொடுத்தல் கூடாது.

குடத்திற்குள் மோட்டார்

மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தை யாவரும் அறிவர். அச்சு அசையாமல் நிற்க, குடம் அதன் மேல் சுழலுகிறது. சைக்கிளில் அக்குடத்தையே ஹப்பு என்கிறோம். ஹப்பு மோட்டார் என்பது அக்குடத்திற்குள்ளேயே மின்மோட்டாரை அடக்கிய அமைப்பாகும். செப்புக் கம்பிச் சுருள்கள் அச்சோடு பிணைந்து அசையாமல் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி நிரந்தரக் காந்தத் துண்டுகள் பதித்த வளையம் அமைந்துள்ளது. கண்ட்ரோலர் என்னும் சிறு பெட்டி, பாட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தை மூன்று தொகுதிச் சுருள்களுக்கும் முறை மாற்றி மாற்றி அனுப்பக் காந்த வளையம் சுழலுகிறது. சில மோட்டார்களில் அவ்வளையமே நேராகச் சக்கரத்தைச் சுழற்றும். வேறு சிலவற்றில் உள்ளே பல் சக்கரங்கள் இருந்து, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். முன்னையது 5 கிலோ அளவுக்குக் கனமானது. பின்னையது அதில் ஏறக்குறைய பாதிக் கனமே உள்ளது. மின்சாரம் இல்லாதபோது தடையின்றி உருளக்கூடியது. நமது ஊர்களின் உபயோகத்திற்குப் பல் சக்கரம் வைத்த சிறிய மோட்டாரே ஏற்றது என்பது நம் கருத்து.

இது புதிதாகத் தோன்றிய யோசனையன்று. அமெரிக்க நாட்டில் ஓகையோ மாநிலத்துக் காண்டன் நகரைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் என்பவர், பின் சக்கரக் குடத்தில் மோட்டாரை அமைத்த சைக்கிளுக்கு 1895ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31ஆம் தேதியே காப்புரிமை பெற்றிருக்கிறார். முன் சக்கரத்தை விசையால் ஓட்டும் முறையும் பழையதே. பிரான்சு தேசத்தில் 1946 முதல் விற்பனைக்கு வந்த வெலோசொலெக்ஸ் என்னும் வண்டியில், முன் சக்கரத்தின் மேல் ஒரு சிறு எண்ணெய் எஞ்சினை அமர்த்தி, உருளை ஒன்றினால் டயரைத் தேய்த்து ஓட்டினார்கள். அந்த எஞ்சினின் முறுக்கு சக்கர அச்சின் மேல் விழவில்லை. இன்றைய ஹப்பு மோட்டாரிலோ முழு முறுக்கும் அச்சின் மேலேயே விழுகிறது. தொல்லையின் மூலம் இதுவே.

அச்சு திமிறுவது ஏன்?

கிணற்று மேட்டில் பம்பு மோட்டாரை நிறுவியவர்களுக்கு இதனை விளக்குவது கடினமன்று. தளத்தில் போல்ட்டுப் போட்டு இறுக்காத மோட்டார், சுவிட்சைப் போட்டவுடன் தான் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் திமிறிப் புரளப் பார்க்கும். எதைச் சுழற்றுகிறோமோ அது நம்மை எதிர்ப்புறம் சுழற்ற முயலும் என்பது இயற்கை விதி. ஹப்பு மோட்டார் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, அதன் அச்சு பின்னோக்கிச் சுழல முயலுகிறது. பம்பு மோட்டாருக்குச் சிமெண்டுத் தளம் இருக்கிறது. சைக்கிள் மோட்டாருக்குத் தளமாக இருப்பது, போர்க்கின் இரு முனைகளிலும் கீழ்நோக்கித் திறந்துள்ள இரண்டு சிறு காடிகளேயாகும்.

சாதாரண முன் சக்கரத்து அச்சு வட்டமானது. அது காடியில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். மோட்டாரின் அச்சு சுழலாதிருக்க வேண்டுமாதலால், அதன் இரு பக்கங்களையும் தட்டையாகச் சீவியிருப்பார்கள். பெரும்பாலான சிறு மோட்டார்களின் அச்சு 12 மில்லிமீட்டர் விட்டமும், தட்டைப் பக்கங்களுக்கிடையே 10 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. இவ்வாறு சீவிய தட்டைப் பக்கம் ஒவ்வொன்றின் அகலமும் சுமார் 6.6 மில்லிமீட்டர்தான் வரும். அவ்வளவு குறுகிய பிடிப்பில்தான் முழு முறுக்கும் தங்கி நிற்க வேண்டியிருக்கிறது.

கணக்கிட்டே பார்ப்போம். 250 வாட் பல் சக்கர மோட்டார் ஒன்று கிளம்பும் வேளையில் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குத் தருவதாகக் கொள்ளலாம். ஒரு மீட்டர் நீளமுள்ள கடப்பாறையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, மறு நுனியில் 4 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கையில் எவ்வளவு முறுக்கு உறைக்குமோ அவ்வளவே இது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் அம்முறுக்கை ஒரு மீட்டருக்குப் பதிலாக 6.6 மில்லிமீட்டர் இடைவெளியில் தாங்கவேண்டுமாயின், காடியின் விளிம்புகளில் ஏறக்குறைய 600 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் உண்டாகும். இரு பக்கக் காடிகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் பக்கத்திற்கு 300 கிலோ. ஒரு பக்கம் சற்றுத் தளர்ந்திருந்தால் பெரும்பகுதி மற்றொரு பக்கத்தின் மேலேயே விழும். நட்டை இறுக்கியதனால் உண்டாகும் உராய்வு இதில் கணிசமான பகுதியைத் தாங்கும் என்பது மெய்தான். எனினும் நட்டுத் தளர்ந்த அன்று, இவ்வளவும் காடியின் பொறுப்பாகிவிடும்.

காடி அகன்றதும் அச்சு சுழலுகிறது. அச்சு சுழன்றவுடன் அதனூடே வெளிவரும் மின்கம்பிகள் முறுக்கிக்கொண்டு அறுபடுகின்றன, நட்டும் தளருகிறது. அதன் பின் சக்கரம் கீழே நழுவ ஒரு பள்ளம் போதும்.

ஷாக் போர்க்கின் குறை

பழைய கறுப்பு நிறச் சைக்கிள்களில் காண்பது முழுதும் எஃகினால் ஆன, வளைந்த குழாய்ப் போர்க்கு. அம்பத்தூரில் 1949இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் போன்ற வண்டிகளில் இதையே பார்த்துப் பழகியிருக்கிறோம். தமிழ்நாடு அரசு மாணவ மாணவியர்க்கு வழங்கும் விலையில்லாச் சைக்கிள்களும் ஷாக் இல்லாத சாதாரணப் போர்க்கு உடையவையே. மேல்நாடுகளில் மலைப்பாதை ஓட்டத்திற்காக 1980களின் இறுதியில் சந்தைக்கு வந்த ஷாக் போர்க்கு, அதாவது அதிர்ச்சி தாங்கும் சுருள் வில் வைத்த போர்க்கு, இப்போது நம் கடைகளில் சிறுவர் சைக்கிள்களில்கூடக் காணப்படுகிறது. இளைஞர்கள் அதை விரும்பி வாங்குகிறார்கள். வீட்டில் பிள்ளை ஓட்டாமல் விட்டுப்போன அத்தகைய சைக்கிளுக்குத் தகப்பனார் மோட்டார் பூட்ட நினைப்பதும் இயல்பே.

ஷாக் போர்க்கில் இரண்டு மேல்குழாய்கள், இரண்டு கீழ்க்கால்கள். கீழ்க்கால்கள் மேல்குழாய்களின் மீது வழுக்கி ஏறி இறங்கும். எடையைக் குறைப்பதற்காக, நல்ல விலையுள்ள போர்க்குகளில் கீழ்க்கால்களையும் அவற்றின் முனையிலுள்ள காடிகளையும் அலுமினியம் அல்லது மக்னீசியக் கலவையில் ஒரே வார்ப்பாக வார்க்கிறார்கள். சக்கரத்தின் எடையையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குவதற்கு அவ்வார்ப்பு போதுமானது. உள்ளிருந்து காடியை விரித்துப் பிளக்கும் முறுக்கைத் தாங்குவதற்கென்று அது செய்யப்படவில்லை. எஃகு மிஞ்சிய பாரம் வந்தால் முதலில் நெளியும். நெளிவதைக் கண்டு நாம் எச்சரிக்கை அடையலாம். வார்ப்போ, கீழே விழுந்த வார்ப்பிரும்புச் சட்டியைப் போல, நெளியாமல் ஒரேயடியாகப் பிளந்துவிடும். ஷாக் போர்க்கை மோட்டாருக்கு ஆகாதென்று தேர்ந்தவர்கள் சொல்வதற்கு முதற்காரணம் இதுவே. விலை உயர்ந்த போர்க்கு பலமுள்ளது என்று எண்ணுவது இவ்விஷயத்தில் தலைகீழான எண்ணமாகும்.

நம் வண்டியிலுள்ளது எந்த வகை என்று அறிய ஒரு காந்தத் துண்டு போதும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியதாயினும் சரியே. அதைக் காடியின் மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும். மேல்குழாயில் ஒட்டுவதைக் கண்டு ஏமாறலாகாது. மேல்குழாய் பெரும்பாலும் எஃகாகவே இருக்கும். காடியில் ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் அலுமினியம் அல்லது மக்னீசியம் என்று முடிவு செய்து, அந்தப் போர்க்கில் மோட்டாரைப் பூட்டாதிருப்பதே நலம். விலை குறைந்த ஷாக் போர்க்குகள் பலவற்றில் கீழ்க்காலும் காடியும் எஃகாக அமைந்திருப்பது நமக்கு ஒரு வகையில் சௌகரியமே.

காடி எஃகாக இல்லாதவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, போர்க்கை மாற்றிவிடுதல். சாதாரண எஃகுப் போர்க்கு ஒன்றின் விலை, மோட்டார் முதலியவற்றின் விலையில் சிறு பகுதியே ஆகும். மாற்றும்போது ஹேண்டிலுக்குள் செல்லும் தண்டின் பருமனும் நீளமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். காடியிலிருந்து மேல்வளைவு வரையுள்ள உயரமும் ஏறக்குறைய பழையதைப் போலவே இருத்தல் அவசியம். உயரம் மிகவும் குறைந்தால் வண்டியின் முகம் தாழ்ந்து, திருப்பும்போது தடுமாறும். மற்றொன்று, பின் சக்கர மோட்டாரை வாங்குதல். கேரியரில் பால் கேன்களையோ நெல் மூட்டையையோ ஏற்றுகிறவர்களுக்கு இதையே நாம் சிபாரிசு செய்வோம். பின்னால் பாரம் ஏற ஏற முன் சக்கரத்தின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த சக்கரம் சேற்று வரப்பிலும் மணலிலும் இடத்திலேயே சுழலுமேயன்றி வண்டியை இழுக்காது. காஞ்சியைச் சுற்றியுள்ள தார்ச் சாலைகளில், மேடு பள்ளம் அதிகமின்றி, ஒரு பாவுக் கட்டை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவருக்கு முன்சக்கர மோட்டாரால் இடையூறில்லை.

பூட்டும் முறை

எஃகுக் காடியுள்ள ஷாக் போர்க்கு என்றே வைத்துக்கொள்வோம். மோட்டார் பொதிந்த சக்கரத்தை வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியவை சில உண்டு. இரு காடிகளின் உட்பக்கங்களுக்கிடையே 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். முன்சக்கர மோட்டார்கள் பெரும்பாலும் அவ்வளவுக்கே செய்யப்படுகின்றன. பழைய வகைச் சைக்கிள்களில் இது குறைவாக இருக்கக்கூடும். வலிந்து விரித்து நுழைத்தால் கால்கள் கோணிக்கொள்ளும். ஷாக் போர்க்கிலோ வழுக்கும் கால்கள் மேல்குழாயில் சிக்கி, வில் வேலை செய்யாமலே போகும். மோட்டாரின் உடல் பருத்திருப்பதால் கீழ்க்கால்களின் உட்புறத்தில் உரசாமல் இடம் இருக்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

காடியின் அகலம் அநேகமாக 9 மில்லிமீட்டராகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். அச்சோ 10 மில்லிமீட்டர். எஃகுக் காடியாயின் தட்டை அரத்தால் இரு பக்கமும் சமமாக ராவி அகலப்படுத்தலாம். அச்சு கையால் அழுத்தி நுழையும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆடுகிற அளவுக்கு ராவினால் வினையை விலைக்கு வாங்கியதாகும். காடியின் அடிமட்டத்தை, அதாவது அச்சு போய் உட்காரும் மேல்முனையை, ஆழப்படுத்தக் கூடாது. ஒரு பக்கம் ஆழமானால் சக்கரம் சாய்ந்து நிற்கும். வார்ப்புக் காடியை அரத்தால் தொடவே வேண்டாம்.

அடுத்தது வாசர். இதனை அநேகர் பொருட்படுத்துவதில்லை. ஷாக் போர்க்குகளின் காடியைச் சுற்றி வெளிப்புறத்தில் ஒரு வட்டக் குழிவும், அதன் கீழே ஒரு சிறு உதடும் அமைத்திருப்பார்கள். சக்கரம் தளர்ந்தாலும் நழுவி விழாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. மோட்டாரோடு வரும் வாசர் அக்குழிவைவிடப் பெரிதாயிருந்தால், குழிவிற்குள் இறங்காமல் உதட்டின் மேல் ஏறி நிற்கும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு ஓரத்தில்தான் பிடிக்கும். ஓட ஓட உதடு தேய்ந்தோ உடைந்தோ நட்டுத் தானே தளரும். ஆகவே குழிவிற்குள் சரியாக அமரும் சிறிய வாசரைத் தேடிப் போட வேண்டும். கிடைக்காவிடில் பட்டறையில் கொடுத்துக் கடைந்து கொள்ளலாம். குழிவு நிரம்பிச் சமமான பின்னரே பெரிய வாசரும் நட்டும்.

இனி மிக முக்கியமான உறுப்பு, முறுக்குத் தாங்கி. அச்சின் தட்டைப் பக்கங்களில் பொருந்தும் துளையுள்ள ஓர் எஃகுப் பட்டை அது. அதன் மறுநுனியைப் போர்க்கின் காலோடு இணைத்துவிட்டால், அச்சு சுழல முயலும்போது காடியை விரிப்பதற்குப் பதிலாகப் பட்டையின் நீளத்தால் காலின் மேல் அழுத்தும். பட்டையின் நீளம் 10 சென்டிமீட்டர் என்று கொண்டால், முன் சொன்ன 600 கிலோ அழுத்தம் இங்கே 40 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. சிறு பட்டைக்கு இவ்வளவு பயனா என்று வியக்க வேண்டியதில்லை; ஏற்றத்தில் நெடிய மரத்தைப் பூட்டிய நம் முன்னோர் அறிந்த நெம்புகோல் கணக்கே இது. பட்டை 4 மில்லிமீட்டருக்குக் குறையாத கனமுள்ள எஃகாக இருக்க வேண்டும். அலுமினியத் தகடு உதவாது. துளை அச்சில் ஆட்டமின்றிப் பொருந்துவதும் அவசியம். கூடுமானால் இரு பக்கத்திற்கும் இரண்டு பட்டைகள் போடுவதே உத்தமம்.

பட்டையை எங்கே இணைப்பது என்பதில் ஷாக் போர்க்குக்கென்று ஒரு தனி விதி உண்டு. கீழ்க்காலோடுதான் இணைக்க வேண்டும். கீழ்க்கால் அச்சோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. மேல்குழாயோடோ மட்கார்டு பிடிக்கும் மேல்வளைவோடோ இணைத்தால், முதற்பள்ளத்திலேயே பட்டை வளையும் அல்லது அச்சைத் திருகும். மேலும், பட்டையைக் காலின் முன்புறமாக நிறுத்த வேண்டும். அச்சு பின்னோக்கிச் சுழல முயலும்போது பட்டையின் மேல்நுனி பின்னே சாய்ந்து காலின் மேல் அழுந்தும்; கால் அதைத் தாங்கிக்கொள்ளும். பின்புறமாக வைத்தால் பட்டை காலைவிட்டு விலகி ஓடப் பார்க்கும். கிளிப்பு ஒன்றே அதை இழுத்துப் பிடிக்க வேண்டியதாகும். பம்பு செட்டின் ஹோஸ் குழாயை இறுக்கும் எஃகு கிளிப்பே இதற்குப் போதும். கால் மெல்லிய குழாயாதலால் நசுங்கும்படி முறுக்காமல், இரண்டு கிளிப்புகளை அடுத்தடுத்துப் போட்டு அளவாக இறுக்குக. இடது காலில் டிஸ்க் பிரேக்குக்கான துளைகள் இருந்து, பிரேக்கு அங்கே பூட்டப்படாதிருந்தால், பட்டையை அத்துளையில் போல்ட்டுப் போட்டுப் பொருத்துவது கிளிப்பைக் காட்டிலும் மேலானது.

இவ்வளவும் ஆனபின் நட்டை இறுக்கலாம். 12 மில்லிமீட்டர் அச்சு நட்டுக்கு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் தேவை. முறுக்கு காட்டும் ஸ்பானர் இல்லாதவர்கள், 20 சென்டிமீட்டர் கைப்பிடியுள்ள ஸ்பானரின் நுனியை ஒரு பெரிய வாளித் தண்ணீரைத் தூக்கும் பலத்தோடு, அதாவது சுமார் 18 அல்லது 20 கிலோ பலத்தோடு, இழுத்தால் ஏறக்குறைய அவ்வளவு கிடைக்கும். இறுக்கிய பின் நட்டின் மேலும் பட்டையின் மேலும் சேர்ந்தாற்போல் வர்ணத்தால் ஒரு கோடு இழுத்து வைக்க வேண்டும். கோடு பிசகினால் நட்டு நகர்ந்திருக்கிறது என்பதைப் படிக்காதவரும் கண்டுகொள்ளலாம். புதிதாகப் பூட்டிய வண்டியை முதலில் ஆளில்லாத சமதளத்தில் மெதுவாகப் பத்து முறை கிளப்பி நிறுத்திக் கோட்டைப் பார்க்க வேண்டும். பிறகு 10 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை, 50 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை, அதன் பின் மாதந்தோறும் ஒரு முறை.

கம்பிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஷாக் போர்க்கு முழுதும் அமுங்கும்போதும், ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பும்போதும் கம்பி இழுபடாத அளவு தளர்ச்சி விட்டே கட்ட வேண்டும். அச்சிற்குள் நுழையுமுன் கம்பி ஒரு முறை கீழே தொங்கி மேலேறும்படி விட்டால், மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், மோட்டாருக்குள் இறங்காது. பிரேக்கு இரண்டும் நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. பிரேக்கைப் பிடித்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கைப்பிடிகள் மோட்டாரோடு வருவதுண்டு. அவற்றை வேண்டாமென்று ஒதுக்குவது தவறு.

பாட்டரியும் பட்டும்

36 வோல்ட், 10 ஆம்பியர் மணி அளவுள்ள பாட்டரியில் 360 வாட் மணி மின்சாரம் அடங்கும். மிதியையும் சேர்த்து மிதித்துக்கொண்டு போனால் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட் மணி செலவாகும். ஆகவே ஒரு முறை நிரப்பியதில் 24 முதல் 36 கிலோமீட்டர் வரை செல்லலாம். நிரப்புவதற்கு ஆகும் மின்சாரம் அரை யூனிட்டுக்கும் குறைவுதான்.

லித்தியம் பாட்டரியை அதற்கென்று உள்ள சார்ஜரால் மட்டுமே நிரப்ப வேண்டும். பத்து அடுக்குக் கொண்ட சாதாரண 36 வோல்ட் லித்தியம் பாட்டரிக்குச் சார்ஜர் 42 வோல்ட்டோடு நின்றுவிடும். ஈய அமிலப் பாட்டரியின் சார்ஜரோ வேறு அளவுடையது. இரண்டையும் மாற்றிப் போட்டால் தீப்பற்ற வழியுண்டு. நெசவாளர் வீடுகளில் தறியும் பாவும் பட்டு நூலும் நடுக்கூடத்திலேயே இருப்பதால், சார்ஜ் ஏற்றும் இடத்தை நன்கு யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாள் உழைப்பு தறியில் சுற்றிக்கிடக்க, அதனருகே பாட்டரியைச் சொருகிவிட்டு உறங்கப்போவது தகாது. திண்ணையில், சிமெண்டுத் தரையின் மேல், விழித்திருக்கும் வேளையில் நிரப்புக. கீழே விழுந்து நசுங்கிய பாட்டரியையும், உப்பிய பாட்டரியையும் மறுபடி உபயோகிக்கலாகாது.

சட்டம் கூறுவது

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் இரண்டாம் விதியில், எந்த மின்சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படாது என்பது சொல்லப்பட்டிருக்கிறது. மோட்டாரின் 30 நிமிடத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். மிதிக்கு உதவியாக மோட்டார் உள்ள சைக்கிளில், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போதோ மிதிப்பதை நிறுத்தும்போதோ மோட்டாரின் விசை நின்றுவிட வேண்டும். பிரேக்கும், ஒளியைத் திருப்பிக் காட்டும் வில்லைகளும் இருத்தல் வேண்டும். இந்நிபந்தனைகள் நிறைவேறியிருப்பதை அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம் ஒன்று பார்த்துச் சான்று அளித்திருக்க வேண்டும் என்பதும் விதியே. சந்தையில் 350 வாட், 500 வாட் என்று கூவி விற்கும் மோட்டார்கள் இவ்வரம்பிற்குள் வாரா. அவற்றைப் பூட்டிய வண்டி பதிவும் ஓட்டுநர் உரிமமும் வேண்டிய வாகனமாகக் கருதப்பட இடமுண்டு. அத்துடன், முறுக்கு கூடக் கூடக் காடியின் மேல் விழும் பாரமும் அதே விகிதத்தில் கூடும் என்பதை மேலே கண்ட கணக்கிலிருந்தே உணரலாம். விற்பவரிடம் சான்றைக் கேட்டுப் பார்ப்பது வாங்குபவரின் உரிமை.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

இத்தகைய வேலையை ஊரிலுள்ள சைக்கிள் கடைக்காரரே செய்யும்படி இருப்பது நல்லது. நகரத்திலிருந்து யாரோ வந்து பூட்டிவிட்டுப் போனால், மாதந்தோறும் நட்டைப் பார்ப்பவர் இலர். கடைக்காரரோ தெருவில் போகும் வண்டியின் சத்தத்தைக் கேட்டே, “என்ன பெரியப்பா, முன் சக்கரம் உரசுதே, நிறுத்துங்க, பார்த்து விடறேன்” என்று கூப்பிட்டுச் சரிசெய்து அனுப்புவார். அவருக்குத் தெரியாத புதிய விஷயங்கள் இரண்டொன்றுதான்: முறுக்குத் தாங்கியின் கணக்கும், வாசரின் பொருத்தமும். பக்கத்திலுள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்து ஆசிரியர் ஒருவரை வரவழைத்து, கிராம சபை கூடும் நாளில் ஒரு மணி நேரம் இவற்றை நேரில் செய்து காட்டச் சொல்லலாம். கையோடு பழைய போர்க்கு ஒன்றைக் கொண்டுவந்து, பட்டை போடாமலும் போட்டும் அச்சை ஸ்பானரால் திருகிக் காட்டினால், நாம் இங்கு எழுதியதைவிட விரைவில் விளங்கிவிடும்.

முறுக்கு காட்டும் ஸ்பானர் ஒன்று தனியொருவர் வாங்கத்தக்க பொருளன்று. ஆனால் பத்துப் பேர் சேர்ந்தோ சுயஉதவிக் குழுவின் மூலமோ வாங்கிச் சைக்கிள் கடையில் வைத்துக்கொள்ளலாம். அதனுடன் ஒரு காந்தத் துண்டும், காடியின் அகலம் பார்க்க 10 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் துண்டு ஒன்றும், 100 மில்லிமீட்டருக்கு வெட்டிய குச்சி ஒன்றும் ஆணியில் மாட்டியிருந்தால் போதும். மோட்டார் வாங்கப் புறப்படுகிறவர் முதலில் தம் சைக்கிளை அங்கே நிறுத்தி, மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டே பணத்தை எடுக்கலாம்.